ஓய்வு பெற்ற கீமேன் ஒருவரின் வாழ்வை எழுதி வைப்பது எப்படி?

கேள்வி இது. அரியலூர்ப் பக்கத்தில் தென்னக ரயில்வேயின் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து, 1998 ஜூன் 30 அன்று கீமேனாக ஓய்வு பெற்ற தாத்தா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் உறவினர்களுக்கும் அவருடைய பழைய சகாக்களுக்கும் கொடுப்பதற்காக ஒரு சிறு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று அவருடைய பேத்தி விரும்புகிறார். தாத்தாவோ வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 1961-ஆம் ஆண்டுத் தேதியிட்ட, தினக்கூலித் தொழிலாளருக்குத் தரும் ஒரு கேஷுவல் லேபர் கார்டு, ஓய்வூதிய ஆணை, எண் எழுதிய ஒரு தகர வில்லை, மடித்து வைத்த ஒரு பச்சைக் கொடி ஆகியவை மட்டும் இருக்கின்றன. “கடமை தவறாத உழைப்பாளி என்பதற்கு மேல் அவரைப் பற்றி என்ன எழுத முடியும்? 1961 முதல் 1998 வரை 37 ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு ஆணையில் முப்பத்திரண்டரை ஆண்டுதான் பணிக்காலம் என்று இருக்கிறதே, அது பிழையா? அந்தக் கொடியைத் துவைத்துச் சட்டம் போட்டுப் படத்துக்கு அருகில் மாட்டலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, நான் ரயில்வேயின் பொறியியல் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, எங்கள் காலத்தில் பி.டபிள்யூ.ஐ. என்று அழைக்கப்பட்ட பாதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் டைரியில் நாள்தோறும் கையெழுத்திட்டவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: “கடமை தவறாத உழைப்பாளி” என்ற வரியை மலரில் சேர்க்க வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த அலுவலகத்தில் ஓய்வு பெற்ற எவருடைய படத்துக்குக் கீழும் அதை அச்சிடலாம். அவர் பாதையோரத்தில் எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, கையில் எதை எடுத்துக்கொண்டு, எதைத் தேடி நடந்தார் என்று எழுதினீர்களானால், அந்தப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு யாரையும் வைக்க முடியாது. அதற்கு அவருடைய வேலை உங்களுக்குத் தெரிய வேண்டும். பெட்டியில் உள்ள நான்கு பொருள்களும் போதுமானவை. அவற்றைப் படிக்கும் முறையைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கீமேன் என்ற பெயர். இதைச் சாவிக்காரர் என்று புரிந்துகொண்டு, தாத்தா ஏதோ கிடங்குச் சாவியை வைத்திருந்தவர் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே கீ என்பது பூட்டின் சாவி அன்று, ஆப்பு. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் மரத்திலும் வார்ப்பிரும்பிலும் எஃகிலும் இருந்த காலத்தில், தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிப்பதற்கு ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் இரும்பு ஆப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். வண்டி போகப் போக அந்த அதிர்ச்சியில் ஆப்பு நெகிழும். நெகிழ்ந்த ஆப்பை மறுபடி அடித்து ஏற்றுவதற்கென்றே, கேங் என்ற பாதைத் தொழிலாளர் குழு ஒவ்வொன்றிலும் ஒருவர் இருந்தார், அவர்தான் கீமேன். பிற்காலத்தில் கான்கிரீட் கட்டைகளும் சுருள் கிளிப்புகளும் வந்து, ஆப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. கேங்மேன் என்பது டிராக்மேன் ஆகி, பிறகு டிராக் மெயின்டெய்னர் ஆகிவிட்டது. கீமேன் மட்டும் கீமேனாகவே இருக்கிறார்.

ஒரு கேங்குக்கு ஐந்தாறு கிலோமீட்டர் பாதை ஒதுக்கப்பட்டிருக்கும். அதை பீட் என்போம். மேஸ்திரியின் கீழ் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஓர் இடத்தில் ஜல்லி இடித்துக்கொண்டிருக்கும்போது, கீமேன் மட்டும் தனியாக அந்த பீட் முழுவதையும் நடந்து பார்த்துவிட வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், திரும்பும்போது மற்றொன்றைப் பார்த்துக்கொண்டு வருவார். தோளில் நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியல், கையில் ஸ்பேனர், பையில் சிவப்புக் கொடி இரண்டு, பச்சைக் கொடி ஒன்று, உதிரியாகச் சில ஆப்புகள், போல்ட்டுகள், டெட்டனேட்டர் என்ற எச்சரிக்கை வெடிகள் வைத்த தகர டப்பி. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் கேஜ் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் அவருடைய கண் விழுந்து எழும். சந்தேகம் தோன்றினால் சுத்தியல் விழும். இறுகியிருக்கும் ஆப்பு கணீரென்று பேசும், நெகிழ்ந்தது பொத்தென்று சொல்லும். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, அவற்றை இணைக்கும் பிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையின் அடியில் விரலை ஓட்டிப் பார்க்கும் கீமேன்களை நான் அறிவேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்தில் தட்டுப்படும் என்பார்கள்.

நீங்கள் சொல்லும் விவரப்படி 1984 முதல் பதினான்கு ஆண்டுகள் அவர் கீமேனாக இருந்திருக்கிறார். நாளொன்றுக்குப் போக ஆறு, வர ஆறு என்று பன்னிரண்டு கிலோமீட்டர் வைத்து, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று கணக்கிட்டாலும் ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அவ்வளவு தூரத்தையும் அவர் அந்த ஆறு கிலோமீட்டருக்குள்ளேயே நடந்தார். அந்த ஆறு கிலோமீட்டர் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில், எந்தக் கிலோமீட்டர் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடிந்தது, இடையில் எத்தனை சிறு பாலங்கள், எத்தனை கேட்டுகள் என்று கேட்டு எழுதுங்கள். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் உயிரோடிருந்தாலும் போதும், கல்லின் எண்ணை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. 1980-களின் நடுவில், காவிரிப் படுகையில் ஒரு மீட்டர் கேஜ் பகுதியில் இளம் ஆய்வாளராக இருந்தேன். மார்கழி விடியற்காலை. குளிரில் இரும்பு சுருங்குவதால் தண்டவாளம் ஒடிவது அந்த நேரத்தில்தான் அதிகம். என் பகுதியின் கீமேன் ஒருவர் பனி விலகாத பாதையில் நடந்து வரும்போது, ஓர் இணைப்பில் போல்ட் துளையை ஒட்டித் தண்டவாளம் ஒடிந்திருப்பதைக் கண்டார். பயணிகள் வண்டி ஒன்று வருவதற்குச் சிறிது நேரமே இருந்தது. ஒற்றைப் பாதை, எந்தத் திசையிலிருந்து வண்டி முதலில் வருமோ அந்தத் திசையில் ஓட வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டர் தூரத்தில் ஒரு டெட்டனேட்டரும் 800 மீட்டர் தூரத்தில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தின் மேல் கட்ட வேண்டும் என்பது விதி. சக்கரம் ஏறினால் அவை வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். அவர் ஓடினார், கட்டினார், சிவப்புக் கொடியோடு நின்றார். வண்டி நின்றது.

தகவல் கிடைத்து நான், தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது, ஒடிந்த முனைக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி முட்டுக்கொடுத்துவிட்டு ஜல்லியின் மேல் உட்கார்ந்திருந்தார். டயர் செருப்பு ஒன்றின் வார் அறுந்து, ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. வெறும் காலோடு ஜல்லியில் ஓடியதில் குதிகால் கிழிந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக் கற்களில் இரத்தம் இருந்தது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. “பிளேட் போட்டுக் கிளாம்ப் அடிச்சிட்டா நடை வேகத்துல விடலாங்க” என்றார். விட்டோம். அன்று மாலை நான் அறிக்கை எழுதினேன். ஒடிவின் வகை, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், கண்டுபிடித்த நேரம், கிலோமீட்டர், கேங் எண் எல்லாம் எழுதினேன். அவருக்குச் சிறு பண வெகுமதியும் கிடைத்தது. இன்று, நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த மில்லிமீட்டர் கணக்கு எனக்கு நினைவிருக்கிறது. அவர் எந்த ஊர்க்காரர், அவருக்கு எத்தனை பிள்ளைகள், அந்தக் கால் எப்போது ஆறியது என்பது எதுவும் தெரியாது. நான் கேட்கவே இல்லை. உங்கள் தாத்தாவின் மேலதிகாரியாக இருந்தவரும் அநேகமாக என்னைப் போல்தான் இருந்திருப்பார். ஆகவே அலுவலகத்தில் இல்லாததை நீங்கள்தான் எழுதியாக வேண்டும்.

இனி பெட்டியில் உள்ள தாள்களுக்கு வருகிறேன். கேஷுவல் லேபர் கார்டை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். அந்த நான்கில் மிக அரியது அதுதான். 1960-களில் பாதைத் தொழிலாளர்கள் பலர் நேரடியாக நிரந்தர வேலைக்கு வந்தவர்கள் அல்லர். தினக்கூலியாக வந்து, வேலை இருக்கும் நாளில் பெயர் ஏறி, இல்லாத நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, இடைவெளி இல்லாமல் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்த பிறகுதான் ‘டெம்பரரி ஸ்டேட்டஸ்’ என்ற தற்காலிகத் தகுதியைப் பெற்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்துதான் நிரந்தரமானார்கள். கார்டில் வரிசையாக உள்ள தேதிகளைப் பாருங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த இடத்தில் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். இரண்டு வரிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி, அவர் வேலையில்லாமல் இருந்த நாள்கள். கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை இருக்குமானால், அதைத் தனியாகப் பெரிதாக்கி மலரில் அச்சிடுங்கள். இருபத்து மூன்று வயதில் அவருடைய கட்டைவிரல் இருந்த விதம் அது. வேறு எந்தப் புகைப்படமும் அதற்கு ஈடாகாது.

பணிக்காலக் கணக்கில் பிழை இல்லை. தற்காலிகத் தகுதி பெற்ற நாளிலிருந்து நிரந்தரமான நாள் வரையுள்ள காலத்தில் பாதியைத்தான் அப்போது ஓய்வூதியத்துக்குச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய கூலி நாள்கள் கணக்கிலேயே வரவில்லை. உங்களிடம் உள்ள தேதிகளின்படி 1961 நடுவில் கூலியாக வந்தவர் 1963 ஜூலையில் தற்காலிகத் தகுதி பெற்று, 1968 ஜூலையில் நிரந்தரமாகியிருக்கிறார். நடுவிலுள்ள ஐந்து ஆண்டுகளில் பாதி இரண்டரை, நிரந்தரமானதிலிருந்து ஓய்வு வரை முப்பது, மொத்தம் முப்பத்திரண்டரை. அன்றைய விதிப்படி சரியான கணக்கு. ஆனால் அவர் ஜல்லி சுமந்தது 37 ஆண்டுகள்தான். ஆணையில் காணாத அந்த நாலரை ஆண்டுகளை மலரில் முழுமையாகப் போடுங்கள்.

பிறந்த தேதியைப் பற்றியும் ஒரு சொல். ஆணையில் 1938 ஜூலை 1 என்று இருக்கிறதல்லவா? அதை அவருடைய உண்மையான பிறந்த நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஜூலை 1 என்றும், மாதமும் தெரிந்தவர்களுக்கு அந்த மாதத்தின் 16 என்றும் எழுதிக்கொள்வது ரயில்வேயின் விதி. எங்கள் பதிவேடுகளில் ஜூலை முதல் தேதி பிறந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம் அதுதான். மாதத்தின் முதல் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார்கள் என்பதால்தான் ஜூன் 30. உண்மையில் அவர் எப்போது பிறந்தார் என்று பாட்டியிடமோ அவருடைய உடன்பிறந்தவர்களிடமோ கேளுங்கள். புயல் அடித்த வருடம், ஏரி உடைந்த வருடம், அம்மன் கோவில் தேர் நின்ற மாதம் என்று ஏதாவது ஒரு விடை கிடைக்கும். அதை அப்படியே எழுதுங்கள். ரயில்வே தேதியைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தகர வில்லைதான் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்லும் அளவையும், கையில் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் துளை இருப்பதையும் பார்த்தால், அது மழைக்காலத்து இரவு ரோந்துக்காரரின் எண் வில்லையாகத்தான் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும், கேங்கிலிருந்து ஆள்களைப் பிரித்து இரவு முழுவதும் பாதையில் நடக்க விடுவோம். ஒரு நிலையத்தில் ரோந்துப் புத்தகத்தில் நேரம் குறித்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்படுபவர், நடுவழியில் எதிரே வரும் ரோந்துக்காரரைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தச் சந்திப்பு நடக்காவிட்டால், எதிர்ப்பக்கத்து ஆளுக்கோ பாதைக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். வண்டி வரும்போது அவர் பாதையின் ஓரத்தில் நின்று, தம் கைவிளக்கின் வெளிச்சத்தைத் தம் வில்லையின் மேல் திருப்பிப் பிடிக்க வேண்டும். எஞ்சினில் இருப்பவர்களும் வண்டியின் கடைசியில் வரும் கார்டு என்ற பொறுப்பாளரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். ஆள் விழித்திருக்கிறார், பாதை பார்க்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். கொட்டும் மழையில், இருட்டில், தம் முகத்தைக் காட்டாமல் எண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். உங்கள் கையிலிருப்பது அந்த எண்தான்.

அதுவும் அரியலூர்ப் பகுதியில் ரோந்து போவது சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டதில்லை. 1956 நவம்பர் 23 அன்று விடிவதற்கு முன், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு வண்டி அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்கு இரையானது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாடு நினைவில் வைத்திருக்கிறது. பாதைத் தொழிலாளர்கள் வேறொன்றை நினைவில் வைத்திருந்தார்கள்: தண்ணீரின் மட்டம். நான் அந்தப் பகுதியில் சில காலம் இருந்தபோது, அந்தப் பாலத்தைக் கடக்கையில் டிராலியை நிறுத்தி, வெள்ளம் எதுவரை வந்தது என்று கையை உயர்த்திக் காட்டாத மேஸ்திரி ஒருவரும் இல்லை. உங்கள் தாத்தா வேலைக்கு வந்தது அதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அந்த விடியலைக் கண்டவர்களாக இருந்திருப்பார்கள். மழை இரவுகளில் அவர் வீட்டிலும் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் இதற்குள் எங்கோ இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தத் திண்ணையை மலரில் கட்டாயம் சேருங்கள்.

1974-ஐப் பற்றி உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மே 8 முதல் 27 வரை, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். போனஸும் ஊதிய உயர்வும் வேலை நேரமும் முக்கியமான கோரிக்கைகள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், வேலையிழந்தார்கள்; கோட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் குடும்பங்களை வெளியேற்றியதும் நடந்தது. வேலைக்குப் போனவர்களுக்கு ‘லாயல்’, அதாவது விசுவாசமானவர்கள், என்று பெயரிட்டுச் சலுகைகள் கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் பணிப் பதிவேட்டில் பணிமுறிவு என்று எழுதினார்கள்; 1977-இல் ஜனதா அரசு வந்த பிறகு அது மன்னிக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உங்கள் தாத்தாவின் பணிக்காலத்தில் குறை இல்லை என்பதை வைத்து அவர் வேலைநிறுத்தத்தில் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. கோட்டப் பணியாளர் அலுவலகத்தில் பதிவேடு இன்னும் இருக்குமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடும்பத்தினராகிய நீங்கள் நகல் கேட்கலாம். அவர் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் எழுதுங்கள். மூன்று சிறு பிள்ளைகளோடு, ஆறு ஆண்டுகளே ஆன நிரந்தர வேலையை வைத்துக்கொண்டு அந்த இருபது நாள்களில் ஒருவர் எடுத்த முடிவை, சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத நாம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

மீட்டர் கேஜ் காலத்து உடலுழைப்பைப் பற்றி ஒரு பத்தி போதும். அந்தப் பாதையின் தண்டவாளம் ஒன்றின் நீளம் 12 மீட்டர், எடை தடிமனைப் பொறுத்து முந்நூற்றைம்பது கிலோவிலிருந்து நானூற்றைம்பது கிலோ வரை. அதை இடுக்கிகளால் பற்றி, ஒருவர் பாட மற்றவர்கள் ‘ஐலசா’ போட்டுத்தான் தூக்குவார்கள். கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்குவதை பேக்கிங் என்போம். ஒரு கட்டைக்கு நான்கு பேர், தண்டவாளத்துக்கு இருவராக நின்று, பீட்டர் என்ற கருவியால் மாற்றி மாற்றி இடிப்பார்கள். உங்கள் தாத்தாவுக்கு வலது தோள் இறங்கியிருந்தது என்றால் அதற்குக் காரணம் அந்த பீட்டர்தான், வயது மட்டுமன்று. 1992-இல் ஒற்றை அகலத் திட்டம் தொடங்கி, மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறிய காலமும் அவருடைய கடைசிப் பணிக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொட்டுப் பழகிய பாதையைக் கழற்றி அடுக்குவதைப் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் ஒன்று 2014 முதல் இருக்கிறது. பழைய ரயில்வே பொருள்களை அங்கே நேரில் பார்த்துவிட்டு எழுதினால் கை நன்றாக ஓடும்.

தாள்களை விடப் பெரிய ஆவணம் உங்கள் பாட்டி. “தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று அவரிடம் கேட்காதீர்கள், “நல்லவரு” என்று சொல்லி அழுதுவிடுவார், அதோடு பேச்சு நின்றுவிடும். விடியலில் எத்தனை மணிக்குச் சோறு கட்டினீர்கள், தூக்குவாளியில் என்ன இருக்கும், வெயில் காலத்தில் கூழா கஞ்சியா, காக்கிச் சட்டையில் ஒட்டும் கிரீஸை எதைப் போட்டுத் துவைத்தீர்கள், எந்த வண்டியின் சத்தம் கேட்டால் உலை வைப்பீர்கள் என்று கேளுங்கள். கேங் கோட்டர்ஸில் குடியிருந்த பெண்களுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. இந்த வண்டி போனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அந்த வண்டி போனால் அவர் வருவார் என்று வண்டிகளாலேயே நாளை அளந்தார்கள். அவர் வர வேண்டிய நேரத்தில் வராத ஒரு நாள் நிச்சயமாக இருந்திருக்கும். அந்த நாளைப் பற்றி மெதுவாகக் கேளுங்கள். பாதையில் தனியாக நடப்பவருக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி என்ற ஆபத்து எப்போதும் உண்டு. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் பின்னால் வரும் சத்தம் காதில் விழாது. கேங்கில் ஒருவரையாவது அப்படி இழக்காத பாதைத் தொழிலாளர் குடும்பத்தை நான் அதிகம் கண்டதில்லை. அவருடன் வேலை பார்த்து அப்படி இறந்தவர் எவரேனும் இருந்தால், அவருடைய பெயரும் உங்கள் மலரில் ஒரு வரியில் இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவருக்கு மலர் அச்சிட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பழைய சகாக்களைத் தேடுவது கடினமன்று. நவம்பர் மாதத்தில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் வங்கிக்கு வருவார்கள். டிசம்பரில் ரயில்வே கோட்டத்தில், ஓய்வூதியக் குறைகளைக் கேட்கும் பென்ஷன் அதாலத் நடக்கும். அங்கே போய், தாத்தாவின் பெயரை மட்டும் சொல்லாமல், கேங் எண்ணையும் மேஸ்திரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்தவர் திரும்பிப் பார்ப்பார். பீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தால், கேட்டில் நின்றோ நிலையத்தின் பிளாட்பாரக் கடைசியில் நின்றோ பாருங்கள். பாதையில் இறங்கி நடக்க வேண்டாம். அவர் ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டார்.

கடைசியாகக் கொடி. ரயில்வேக்குத் திருப்பித் தர வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு துண்டுத் துணியை யாரும் கேட்கப்போவதில்லை. தாராளமாகப் படத்துக்கு அருகில் வையுங்கள். ஆனால் துவைக்காதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். கோலில் சுற்றிச் சுற்றி இறுகிய மடிப்பும், பிடிக்கும் இடத்தில் ஏறிய கிரீஸ் கறையும் அதில் இருக்கும். வண்டி கடக்கும்போது, அச்சு சூடேறிப் புகைகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று கடைசிப் பெட்டி வரை பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கார்டுக்கு அவர் பிடித்துக் காட்டிய கொடி அது. அவர் சுற்றிய விதத்திலேயே, கறை வெளியே தெரியும்படி வையுங்கள்.